தலை, குடல், செதில்... மீன் கடைக் குப்பையில் இருக்கும் காசு!

வண்டலூர் உயிரியல் பூங்காவில் கூழைக்கடா மீன் தின்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அலகைத் திறக்கும், மீன் உள்ளே போகும், அவ்வளவுதான். தலை, வால், முள் எதுவும் மிச்சமில்லை.

பூங்காவுக்கு வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டலூர், ஊரப்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் ஏதாவதொரு மீன் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இரண்டு கிலோ கட்லாவை முழுசாக எடை போட்டுக் காசு வாங்குகிறார்கள். பிறகு செதில் சீவி, துடுப்பு வெட்டி, குடலை எடுத்து, துண்டு போட்டுக் கொடுக்கிறார்கள். 'தலை வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், வீட்டுக்கு வருவது ஒன்றேகால் கிலோ தேறினாலே பெரிய விஷயம். மீன் வகையைப் பொறுத்து எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கழிவாகப் போகிறது. இறாலிலும் தலையும் ஓடும் சேர்ந்து ஏறக்குறைய பாதி எடை இருக்கும்.

அந்த மிச்சம் கடைக்குப் பின்னால் இருக்கும் டிரம்மில் விழுகிறது. மதியத்துக்குள் ஈ மொய்க்கிறது, நாய் சுற்றுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். கடைக்காரருக்கு அதை அப்புறப்படுத்துவதே தனித் தலைவலி. இத்தனைக்கும் காலை எட்டு மணிக்கு அதே டிரம்மில் இருந்தது நல்ல சரக்கு.

தலைக்குள் ஒரு கடுகு

மீன் தலையிலிருந்து ஆரம்பிப்போம். கட்லா, ரோகு போன்ற மீன்கள் ஆற்று வெள்ளத்தில்தான் முட்டையிடும். குளத்தில் வளர்த்தால் முட்டையிடாது. குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில் போய்ப் பிடித்து வர வேண்டும் என்பதுதான் ஒரு காலத்து நிலைமை. 1957 ஜூலை 10-ம் தேதி, ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சவுத்ரியும் கே.ஹெச்.அலிகுன்ஹியும் வளர்ப்புக் கெண்டை மீன்களுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். ஊசியில் இருந்த மருந்து, இன்னொரு மீனின் தலைக்குள்ளிருந்து எடுத்த பிட்யூட்டரி சுரப்பியின் சாறு. கடுகு அளவே உள்ள சுரப்பி அது!

அதற்குப் பிறகு பல ஆண்டுகள், கொல்கத்தா சந்தைகளில் வெட்டிப்போடும் மீன் தலைகளிலிருந்து இந்தச் சுரப்பியை எடுத்து, ஆல்கஹாலில் போட்டு, குஞ்சுப் பண்ணைகளுக்கு விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. இப்போது செயற்கை ஹார்மோன் ஊசிகள் வந்துவிட்டன. ஆனாலும் இன்று நம் தட்டுக்கு வரும் வளர்ப்பு மீன் பெருகியதில் சந்தைக் கழிவுக்கும் பங்கு உண்டு. அந்த ஜூலை 10-தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

தோலுக்கு 130 கோடி டாலர்

நம் ஊர் ஏரிகளில் கொட்டிக் கிடக்கும் ஜிலேபி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகர மருத்துவர்கள், ஜிலேபியின் தோலைக் கிருமி நீக்கித் தீக்காயங்களின் மேல் ஒட்டிச் சிகிச்சை தருகிறார்கள். தோலில் கொலாஜன் அதிகம். காயத்தோடு நன்றாக ஒட்டிக்கொள்கிறது. தினமும் கட்டுப் பிரித்து மாற்றும் வேதனை நோயாளிக்குக் குறைகிறது. (இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். கடைத் தோலில் கிருமிதான் இருக்கும்.)

ஐஸ்லாந்தில் கெரெசிஸ் என்ற நிறுவனம் காட் மீன் தோலிலிருந்து காயத்துக்கான மருத்துவப் பொருள் தயாரிக்கிறது. 2023-ல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் நிறுவனம் அதை வாங்கியபோது பேசப்பட்ட தொகை 130 கோடி டாலர் வரை. குப்பைக்குப் போகும் தோலுக்கு!

இறால் ஓட்டின் கதையும் இப்படித்தான். ஓட்டை அமிலத்தில் போட்டால் சுண்ணாம்புச் சத்து கரையும்; காரத்தில் போட்டால் புரதம் போகும்; மிஞ்சுவது கைட்டின். அதை இன்னும் கடுமையான காரத்தில் பக்குவப்படுத்தினால் கைட்டோசான். ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணியிலிருந்து தண்ணீர் சுத்திகரிப்பு வரை இதற்கு வேலை இருக்கிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கித் தொழில்முனைவோருக்கும் கொடுத்து வருகிறது. ஆனால் அமிலம், காரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று முதலீடு கேட்கும் தொழில் இது. தெருமுனைக் கடையில் செய்கிற வேலையில்லை.

கேளம்பாக்கம் சாலையின் மறுமுனை

தெருமுனைக்குத் தோதானது எது? அதற்கான பதில் வண்டலூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் ஓ.எம்.ஆர், உப்பளங்களைத் தாண்டினால் கோவளம், முட்டுக்காடு. ஓ.எம்.ஆரில் வாணியஞ்சாவடியில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. முட்டுக்காட்டில் இருப்பது மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம். சுருக்கமாக 'சிபா' என்பார்கள், தலைமையகம் சாந்தோமில்.

மீன் சந்தைகளில் வெட்டிப்போடும் கழிவை வைத்து இந்த சிபா இரண்டு பொருள்களை உருவாக்கியிருக்கிறது. ஒன்று 'பிளாங்டன் பிளஸ்'. இறால், மீன் குளங்களில் இதை விட்டால் இயற்கை உணவான மிதவை உயிரிகள் பெருகும். இன்னொன்று 'ஹார்டி பிளஸ்', செடிகளுக்கான திரவ உரம். மீனின் குடல் இன்னொரு மீனுக்குத் தீனியாகவும், கத்தரிச் செடிக்கு ஊட்டமாகவும் மாறுகிறது.

பெரிய பண்ணைகளில் இன்னொரு வழியும் உண்டு. அரைத்த கழிவில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் ஃபார்மிக் அமிலம் கலந்து வைத்தால், சில நாட்களில் கூழாகக் கரைந்துவிடும், அழுகாது. தவிட்டோடு கலந்தால் கால்நடைத் தீவனம்.

மாடித் தோட்டத்துக்கு மீன் அமிலம்

வீட்டில் செய்யக்கூடியது மீன் அமிலம். கொரியாவின் சோ ஹான் கியூ பரப்பிய இயற்கை வேளாண் முறையில் இருந்து வந்து, இப்போது தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகளின் கைமருந்தாகவே ஆகிவிட்டது.

ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ பொடித்த வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை. பிளாஸ்டிக் டப்பாவில் நன்றாகக் கலந்து, முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல் இறுக மூடி நிழலில் வையுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை மூடியை லேசாகத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். மறந்தால் டப்பா உப்பிவிடும். 21 நாட்களில் தேன் நிறத்தில் திரவம் பிரியும். சரியாக வந்திருந்தால் கவிச்சி போய் ஒருவித பழ வாடை அடிக்கும். அழுகிய நாற்றம் அடித்தால் வெல்லம் போதவில்லை என்று அர்த்தம். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து மாலையில் தெளிக்கலாம். அதிகம் ஊற்றினால் செடி கருகும். கருவாட்டுக் கழிவை மட்டும் சேர்க்காதீர்கள். உப்பு செடிக்கு ஆகாது.

எங்கே சிக்குகிறது?

தொழில்நுட்பம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் டிரம் ஏன் குப்பைக்கே போகிறது? காரணம் கடிகாரம்தான். மீனின் குடலில் இருக்கும் நொதிகள், மீன் செத்ததுமே வேலையை ஆரம்பித்துவிடுகின்றன. சென்னை வெயிலில் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் போதும், சரக்கு குப்பையாகிவிடும். அதோடு பிளாஸ்டிக் கவர், தெர்மாகோல், டீ கப் எல்லாம் அதே டிரம்மில் விழுகின்றன. கொலாஜனுக்காகச் செதில் வாங்குகிறவர்கள் கேட்பது சுத்தமாகக் கழுவி உலர்த்திய செதிலை. குடலோடு கலந்துவிட்ட செதிலை யாரும் தொட மாட்டார்கள்.

ஆக, கடையில் வேண்டியது இரண்டு மூன்று வாளிகளும் கொஞ்சம் ஐஸும், தினமும் குறித்த நேரத்தில் வரும் ஒரு வண்டியும். ஒரு கடையின் கழிவுக்கு வண்டி கட்டுப்படியாகாது. நாலு தெருக் கடைகள் சேர்ந்தால் ஆகும். அரிவாள்மணை முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து மீன் வெட்டும் பெண்களுக்கு வாளி பிரித்து வைப்பதற்கென்று கூடுதலாகக் காசு கொடுத்தால்தான் இது நடக்கும். வெறும் விழிப்புணர்வு பேசிப் பயனில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் 'சங்காயம்' என்றொரு சொல் உண்டு. வலையில் சிக்கும் சமையலுக்கு உதவாத பொடி மீன்களை உலர்த்திக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். வீணாகாமல் காசாகிறதே என்று தோன்றும். ஆனால் அந்தக் குவியலில் நாளை பெரிதாக வேண்டிய நல்ல மீன்களின் குஞ்சுகளும் இருக்கின்றன. குஞ்சுக்கும் விலை கிடைத்தால், வலையின் கண்ணைப் பெரிதாக்க யாருக்கு மனசு வரும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில் காத்திருந்து பெற்ற பலனை, சங்காயம் விற்றே இழந்துவிடலாம். வெட்டிய மீனின் குடலில் சம்பாதிப்பது வேறு, வளராத மீனை அள்ளிச் சம்பாதிப்பது வேறு.

இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் மகளிர் குழுக்கள் கவனிக்க: மீன் அமிலத்தைச் சொந்தத் தோட்டத்துக்குச் செய்துகொள்ள எந்த அனுமதியும் வேண்டாம். விற்பனைக்கு என்றால் கதை வேறு. 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் செய்த திருத்தத்தின்படி, புரதத்தைச் சிதைத்துத் தயாரிக்கும் பயிர் ஊக்கிகளும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டுவதற்கு முன் வேளாண்மைத் துறையில் விசாரித்துவிடுங்கள். மீன் மதிப்புக்கூட்டு அலகுகளுக்கு, 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள் மற்றும் பட்டியல், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் வைத்திருக்கிறார்கள். உங்கள் யோசனை அதில் வருமா, இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.