மீண்டும் கூறுக!

கல்முனைக் கடலோரத்தில், கணினித் திரையிலே விமானம் ஓட்டிப் பழகுபவன் நான். வழிகூறும் கட்டுப்பாட்டுக் குரலுக்கென ஒரு துணை மென்பொருளைத் தெரிய வேண்டியிருந்தது. சிலவற்றில் விசையை அழுத்தினாற் போதும். மறுமொழியை அவையே கூறிவிடும். சில, நாம் பேசுவதைச் செவிமடுக்கும். 2001இல் தொடங்கிய வற்சிம் வலையமைப்பிலோ மனிதரே தொண்டராய் அமர்ந்து வழிகாட்டுவர். அவர் அமராத வேளையில் வானம் ஊமையாகிவிடும்.

எளியதையே முதலில் நாடினேன். 1977இல் தெனெரீப் தீவின் ஓடுபாதையில் இரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்ட வரலாறு என் மனத்தை மாற்றியது. கிடைக்காத அனுமதியைக் கிடைத்ததாக விமானி விளங்கிக்கொண்டமை அதற்கொரு பெருங்காரணம். ஆகவே, கேட்டதைத் திருப்பிச் சொல்லவைத்துத் திருத்தும் மனிதக் குரலையே தெரிந்தேன்.

என் ஆங்கில உச்சரிப்பை எண்ணி முதலில் நாணினேன். “மீண்டும் கூறுக” என்றது மறுமுனை, கூறினேன். நாணம் குற்றமன்று, விளங்காமல் ‘ஆம்’ என்பதே குற்றம். வகுப்பறைக்கும் இது பொருந்துமன்றோ?