கண்ணாடி மாற்றியும் தெளியாத பார்வை

“கண்ணாடியை இரண்டு முறை மாற்றிவிட்டேன், இன்னமும் எழுத்து மங்கலாகவே இருக்கிறது” என்று கூறியவாறு எங்கள் கண் மருத்துவப் பிரிவுக்கு வருவோர் பலர். மேலும் வினவினால், காலையில் நன்கு தெரிந்த செய்தித்தாள் மாலையில் மங்குவதாகவும், இரண்டு மூன்று முறை இமைத்தால் தெளிந்து, சற்று நேரத்தில் மீண்டும் மங்குவதாகவும் சொல்வர். கண்ணாடியின் பவர் இமைக்கு இமை மாறுவதில்லை. ஆகவே, இத்தகையோரிடம் நாங்கள் முதலில் சோதிப்பது கண்ணீரை.

ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியின் மேல் சில மைக்ரான் பருமனே உள்ள ஒரு கண்ணீர்ப்படலம் விரிகிறது. மேலே மெல்லிய எண்ணெய், அதன்கீழ் நீர், அந்நீரைக் கருவிழியோடு ஒட்டவைக்கும் கோழைப்பொருள். கண்ணுக்குள் புகும் ஒளி முதலில் வளைவதும், மிகுதியாக வளைவதும் இந்தப் பரப்பில்தான். அடுத்த இமைப்புக்கு முன்பே படலம் ஆங்காங்கே கிழிந்துவிட்டால், மழைத்துளி படிந்த பேருந்துக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் உருவங்கள் சிதறுகின்றன. இரவில் எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளி விரிந்து கூசுவதற்கும் இது ஒரு காரணம்.

“என் கண்ணில் நீர் வழிகிறதே, பிறகு உலர்வு எப்படி வரும்?” என்று கேட்போர் உண்டு, நியாயமான கேள்விதான். உலர்ந்த கருவிழி எரியும்போது, கண் தற்காப்பாக நீரைக் கொட்டுகிறது. அந்நீரில் எண்ணெயும் கோழைப்பொருளும் போதிய அளவில் இல்லாமையால், அது தங்காமல் கன்னத்தில் வழிந்து போகிறது.

நீர் குறைவாகச் சுரப்பது ஒரு வகை. இமை விளிம்பிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டு, இருக்கும் நீரும் விரைவில் ஆவியாவது மற்றொரு வகை. மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இயல்பாக நாம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிறோம். கைப்பேசியோ கணினியோ பார்க்கையில் அது பாதியாகவோ அதனினும் கீழாகவோ குறைகிறது. இமைப்பும் முழுமையாக மூடாத அரை இமைப்பாகிறது. சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவையும் உலர்வைக் கூட்டும். கண்ணோடு வாயும் உலர்ந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் தேவைப்பட்டு, மூட்டுகளும் வலித்தால் அதனைத் தவறாமல் எங்களிடம் சொல்லுங்கள். 1933இல் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென் விரிவாக எழுதிய, அவர் பெயரையே தாங்கிய நோயாக அது இருக்கலாம். அதற்குக் கண் மருத்துவம் மட்டும் போதாது.

கண்புரை அறுவைக்கு நாள் குறித்த பின், “கண் உலர்ந்திருக்கிறது, சில வாரங்கள் கழித்துச் செய்வோம்” என்று நாங்கள் கூறும்போது குடும்பத்தாருக்கு வருத்தம் ஏற்படுவதை அறிவோம். விடுப்பு எடுத்து, ஊரிலிருந்து துணைக்கு ஆள் அழைத்து வந்திருப்பார்கள். ஆயினும், உள்ளே பொருத்தும் லென்ஸின் பவரைக் கணக்கிடக் கருவிழியின் வளைவை அளக்க வேண்டும். உலர்ந்த கண்ணில் அவ்வளவு அளவுக்கு அளவு மாறும். தவறான அளவில் பொருத்திய லென்ஸைப் பின்னர் மாற்றுவது எளிதன்று. அறுவையும் சில மாதங்களுக்கு உலர்வை மிகுவிக்கும் என்பதால், முன்னரே சீர்செய்துகொள்வது நல்லது.

சோதனைகளில் வலி இல்லை. ஆரஞ்சு நிறச் சாயம் இட்டு, நீல ஒளியில் படலம் எத்தனை நொடியில் கிழிகிறது என எண்ணுவோம். 10 நொடிக்குக் குறைந்தால் நிலையற்ற படலம் என்று பொருள். கீழிமையில் ஒரு தாள் பட்டையை 5 நிமிடம் வைத்து, எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்றும் பார்ப்பதுண்டு.

எண்ணெய்ச் சுரப்பி அடைப்புக்கு ஒத்தடமே முதல் மருத்துவம். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை மூடிய இமைகள்மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி ஒரே நிமிடத்தில் ஆறிவிடும். மீண்டும் மீண்டும் நனைக்காமல் அத்தோடு முடித்துவிடுவதே பலர் செய்யும் பிழை. பின்னர் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவிவிடுங்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டை நாளுக்கு நான்கு முறைக்கு மேல் இட வேண்டியிருந்தால், பதப்பொருள் சேராத வகையைக் கேட்டுப் பெறுங்கள். பதப்பொருளே கருவிழியை உறுத்தக்கூடும். ஒரு சொட்டு போதும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு வீட்டிலுள்ளவர் இட்டுவிடலாம். குப்பியின் முனை இமையில் படலாகாது. சிலருக்குச் சைக்ளோஸ்போரின் சொட்டு தருகிறோம். அதன் பயன் தெரியப் பல வாரங்கள் ஆகும். எரிகிறது என்று பத்தே நாளில் நிறுத்திவிடுவது வீண். இன்னும் தேவையெனில், கண்ணீர் வடியும் துளையைச் சிறு அடைப்பானால் மூடுவோம். மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றியும் கேட்கிறார்கள். 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில் அது ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட மேலான பயன் தரவில்லை.

கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டுதான் எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது. இரண்டே நாளில் சிவப்பும் எரிச்சலும் அடங்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஓசையின்றி உயர்ந்து, பார்வை நரம்பு கெடும். அவ்வாறு இழந்த பார்வை மீளாது. தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் முதலியவற்றையும் கண்ணில் இட வேண்டாம்; கிருமித் தொற்றுக்கு அவை வழிவகுக்கும்.

வீட்டார் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. நோயாளி உறங்கும்போது இமைகள் முழுதும் மூடுகின்றனவா என்று பாருங்கள். முகவாதம் கண்டவர்களிடம் இது இன்றியமையாதது. மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாதவாறு கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். கடும் வலி, வெளிச்சம் பார்க்க இயலாமை, திடீர்ப் பார்வைக் குறைவு, சீழ் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே வாருங்கள். வரும்போது, உண்ணும் மாத்திரைகள், இடும் சொட்டுகள் அனைத்தையும், சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் எடுத்து வாருங்கள்.