ஏஜென்ட் கமிஷன்: சட்டக் கணக்கும் ஊர்க் கணக்கும்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற முகவர், தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5,400. ஆக 35,400. 2009 விதித் திருத்தத்தின்படி இது 45 நாள் சம்பளமாகவும், 20,000 ரூபாயைத் தாண்டாமலும் இருக்க வேண்டியிருந்தது. பிறகுதான் 30,000 ஆனது. வாங்கிய பணத்துக்கு ரசீது தர வேண்டும் என்பதும் விதிதான்.

பத்தாம் வகுப்பு தேறாதவர் குடியேற்ற அனுமதி கட்டாயமான வளைகுடா நாடு ஒன்றுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுமதிக் கட்டணம் 200 ரூபாய். 10 லட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டு பிரீமியம் 275, வரி தனி. எல்லாம் சேர்த்தாலும் 36,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். டிக்கெட்டும் மருத்துவப் பரிசோதனையும் யார் பொறுப்பு என்பது வேலை ஒப்பந்தத்தில் இருக்கும். அதைப் படித்துப் பார்க்காமல் பணம் எண்ணக் கூடாது.

ஊர்க் கணக்கு வேறு. மதுரை திருநகரிலோ திருப்பரங்குன்றத்திலோ ஒரு குடும்பத்திடம் 'விசா காசு' 1,20,000 கேட்கிறார்கள் என்று ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். கையில் இருப்பு இல்லை, மூணு வட்டிக்கு வாங்குகிறார்கள். சட்ட வரம்பைத் தாண்டிய தொகை 84,600. அந்தத் தொகைக்கு மட்டும் மாத வட்டி 2,538. இரண்டு வருட ஒப்பந்தக் காலத்தில் வட்டி 60,912. அசலோடு சேர்ந்து 1,45,512. சம்பளம் மாதம் 25,000 என்றால், கிட்டத்தட்ட ஆறு மாத உழைப்பு சட்டம் அனுமதிக்காத ஒரு கட்டணத்துக்கே போகிறது.

இதற்குத் தண்டனை என்ன? 1983 குடியேற்றச் சட்டத்தின் 24ஆம் பிரிவு: இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். வரம்பு மீறி வசூலித்தால் மட்டுமல்ல, பதிவே இல்லாமல் ஆள் பிடித்தாலும் இதே பிரிவுதான். மேலே போட்ட கணக்கில் ஒரு மாத வட்டிகூட இந்த அபராதத்தைவிட 538 ரூபாய் அதிகம். 1983இல் எழுதிய தொகை இன்றும் சட்டப் புத்தகத்தில் அப்படியே நிற்கிறது. ஏழைக் குடும்பத்தின் நகையை அடகுக் கடைக்கு அனுப்பும் குற்றத்துக்கு இது தண்டனையே அல்ல.

முகவரிடம் அரசு வாங்கி வைத்திருக்கும் வங்கி உத்தரவாதம் 50 லட்ச ரூபாய். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் 500 பேரிடம் இப்படி 84,600 வீதம் கூடுதலாக வாங்கினால் 4 கோடியே 23 லட்சம் ஆகும். 50 லட்சத்தைப் பிரித்துக் கொடுத்தால் 59 பேருக்குத்தான் முழுத்தொகை கிடைக்கும். மீதி 441 பேருக்கு?

வெளியே எப்படி என்று பார்ப்போம். சிங்கப்பூரில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் என்பது முகவர் கட்டணத்துக்கு வரம்பு. ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு நிறுத்தினால், கட்டணத்தில் பாதியையாவது முகவர் திருப்பித் தர வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 181ஆவது உடன்படிக்கை (1997) தொழிலாளியிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைக்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

பணத்தைவிட ஒப்பந்தத்தில்தான் பெரிய ஏமாற்று. இங்கே கையெழுத்துப் போட்ட தாளில் எலக்ட்ரீஷியன், அங்கே போனதும் நீட்டும் தாளில் ஹெல்பர், சம்பளமும் குறைவு. அதைவிட மோசம், 'விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்பது. சுற்றுலா விசாவில் போனவருக்கு மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் பதிவான ஒப்பந்தம் இருக்காது, குடியேற்ற அனுமதி இருக்காது, அந்த 10 லட்சக் காப்பீடும் இருக்காது. கையில் மிஞ்சுவது ஒரு துண்டுச் சிட்டை: பேனாவால் எழுதிய தொகை, 'விசா செலவு' என்று ஒரு வரி, கீழே கையெழுத்தும் இல்லை, கடை முத்திரையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு புகார் சொல்லக் குடியேற்றப் பாதுகாவலரிடம் (Protector of Emigrants) போக வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும், மதுரையிலிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல்.

பணம் கொடுப்பதற்கு முன்பே இமைகிரேட் தளத்தில் முகவரின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். சப்-ஏஜென்ட் யாராக இருந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், கையில் பணம் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகக் கட்டுங்கள், ரசீது கேளுங்கள். 35,400க்கு மேல் கேட்டால் 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். அரசின் வழியாகவே போக விரும்புகிறவர்களுக்கு 1978இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.