காலையில் கை நடுங்குவது ஏன்?

2023 மே மாதம், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரை விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சாராயத்தில் இருந்தது மெத்தனால். கல்லீரலில் ஒரு நொதி அதைச் சிதைக்கும்போது உண்டாகும் ஃபார்மிக் அமிலம் கண்ணையும் உயிரையும் பறிக்கும். வழக்கமான மதுவில் இருக்கும் எத்தனாலைச் சிதைப்பதும் அதே நொதிதான். அதனால் மெத்தனால் விஷத்துக்கு எத்தனாலையே மாற்று மருந்தாகக் கொடுப்பதுண்டு. நொதி எத்தனாலோடு மல்லுக்கட்டும் நேரத்தில், மெத்தனாலை டயாலிசிஸ் மூலம் வெளியேற்றிவிடலாம்.

விஷச் சாராயம் ஒரே இரவில் கொல்வதால் தலைப்புச் செய்தியாகிறது. கடைச் சரக்கு எடுத்துக்கொள்வது வருடக்கணக்கு.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால், எத்தனால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்தது தீர விடியற்காலை ஆகிவிடும்.

அதுவரை மூளையில் நடப்பது என்ன? நரம்புகளை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்கு எத்தனால் வலுவூட்டுகிறது. நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட்டை மட்டுப்படுத்துகிறது. பதற்றம் தணிகிறது, நாக்கு குழறுகிறது. கூடவே டோபமைன் சுரந்து, ‘இதை மறக்காதே’ என்று மூளைக்குப் பாடம் சொல்கிறது. பிறகு கடை வாசலைக் கண்டாலே, சம்பள நாள் வந்தாலே ஆசை கிளம்பும்.

தினமும் குடித்தால் மூளையும் சும்மா இருப்பதில்லை. படகின் ஒரு பக்கம் பாரம் ஏறினால் ஆட்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்காருவார்கள் அல்லவா? அதேபோல் மூளை காபாவுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்து, குளூட்டமேட்டுக்கான ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. பழைய அளவு போதாமல் போவது இதனால்தான். பாரத்தைச் சட்டென்று இறக்கினால் படகு எதிர்ப்பக்கம் சாயும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், புத்தி பேதலிக்கும், உயிரே போகலாம்.

அரசு மதுக்கடையான டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. நடுக்கம் விடியும்போதே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு ‘கட்டிங்’ தேடி அலைபவர் போதைக்காக அலைவதில்லை. டம்ளரைச் சிந்தாமல் பிடிக்க அலைகிறார். எங்கே, யார் விற்கிறார்கள் என்று பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

“நாளையிலிருந்து தொடமாட்டேன்” என்று கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவரின் உறுதி உண்மையானதே. ஆனால் பல வருடம் தினமும் குடித்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவமனையில் டயசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார்கள். குடியால் வற்றிப்போன தயமின் என்ற வைட்டமினையும் ஊசியாகப் போடுவார்கள். ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகளும் உண்டு. கயிறு கட்டிய கையோடு அவரை மனநலப் பிரிவுக்கும் அழைத்துப்போவதுதான் வீட்டார் செய்யவேண்டியது.