ரேடியஸ் திணறினால் கணக்கேட்டைப் பாருங்கள்

பிராட்பேண்ட் இணைப்புக் கேட்பவரின் கடவுச்சொல்லைச் சரிபார்த்து உள்ளே விடுவது ரேடியஸ் சர்வர். 1991இல் லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்க நிறுவனம் டயல்-அப் காலத்துக்காக உருவாக்கிய நெறிமுறை, இன்றும் இணையச் சேவை நிறுவனங்களிலும் பல்கலைக்கழக வைஃபையிலும் ஓடுகிறது. யார் எப்போது வந்தார், எவ்வளவு டேட்டா செலவழித்தார், எப்போது போனார் என்ற கணக்கையும் அதுவே எழுதுகிறது. வேகம் குறையும்போது எல்லோரும் கடவுச்சொல் பக்கம் தேடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் கணக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஃப்ரீரேடியஸ் மென்பொருளில் இந்தக் கணக்கு, மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளத்தின் 'ராட்அக்ட்' அட்டவணைக்குப் போகிறது. 10,000 பேர் இணைப்பில் இருக்க, ஒவ்வொருவருக்கும் 10 நிமிடத்துக்கொரு இடைக்காலக் கணக்கு வந்தால் நொடிக்குச் சுமார் 17 பதிவுகள். இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைத்தால் 167. நெறிமுறை ஆவணமே 10 நிமிடத்துக்குக் கீழே போகவேண்டாம் என்கிறது, கேட்பவர்தான் குறைவு.

ரேடியஸ் பேசுவது யூடிபி வழியாக. சில நொடிகளில் பதில் வராவிட்டால், நெட்வொர்க் கருவி அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். ஏற்கெனவே மூச்சுத்திணறும் தரவுத்தளத்தின் தலையில் வேலை மேலும் ஏறும். காத்திருக்கும் கணக்குகள் சர்வரின் த்ரெட்களை எல்லாம் பிடித்துக்கொள்ள, உள்நுழைவுக் கோரிக்கைகளும் அப்படியே நின்றுவிடும். ரேடியஸ் லாகில் நகல் கோரிக்கை பற்றிய எச்சரிக்கைகள் குவிந்தால், தரவுத்தளத்தைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து மைஎஸ்க்யூஎல்லின் ஸ்லோ க்வெரி லாக். அது வழக்கமாக அணைந்தே கிடக்கும். இயக்கினாலும் 10 நொடியைத் தாண்டும் க்வெரிகளை மட்டுமே குறிக்கும். ரேடியஸுக்கு 10 நொடி ஒரு யுகம். வரம்பை ஒரு நொடிக்கோ அதற்கும் கீழோ இறக்குங்கள். அகப்படும் க்வெரியை எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையில் ஓட்டினால், இன்டெக்ஸைப் பயன்படுத்துகிறதா, அட்டவணை முழுவதையும் புரட்டுகிறதா என்று தெரியும். ஃப்ரீரேடியஸோடு வரும் அட்டவணையில் அடிப்படை இன்டெக்ஸ்கள் உண்டு. பில்லிங்குக்காகப் பின்னால் சேர்த்த க்வெரிகள்தான் வழக்கமான குற்றவாளிகள். தொடங்கிய நேரத்தை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு 'இன்றைய தேதியா' என்று கேட்டால், அந்த நேரத்துக்கு இருக்கும் இன்டெக்ஸ் உதவாது. 'இன்று 00:00 மணிக்குப் பிறகா' என்று கேட்டால் உதவும்.

பழைய பதிவுகளை வேறு அட்டவணைக்கு மாற்றுங்கள். மாதாந்திர அறிக்கைகளைத் தரவுத்தளத்தின் ரெப்ளிகாவில் ஓட்டுங்கள். கணக்கை முதலில் கோப்பில் எழுதி உடனே பதில் அனுப்பிவிட்டு, பிறகு நிதானமாகத் தரவுத்தளத்தில் ஏற்றும் வசதியும் ஃப்ரீரேடியஸில் இருக்கிறது. நெரிசல் நேரத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி பஃபர் பூல் இயல்பளவான 128 எம்பியிலேயே கிடக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவும் பார்க்காமல் புதிய சர்வருக்கு ஆர்டர் போடவேண்டாம்.