'இது' என்பது எந்த ஜன்னல்?

"சார், ரெண்டாவது டேப்தான் கண்ணு முன்னாடி தெரியுதே, அப்புறம் எப்படி முதல் டேப்புல போய் எழுதுது?" என்று கேட்டான் என்னோடு வேலை செய்த பையன். பிரவுசரைத் தானாக ஓட்டும் நிரல்களை எழுத வருகிற எவரும் முதல் மாதத்தில் கேட்கிற கேள்விதான். தன்னிலை, இடம், பார்வை என்று நாம் கட்டுரைகளில் மல்லுக்கட்டுகிற சமாச்சாரங்கள் எல்லாம் இந்தக் கேள்விக்குள் கிடக்கின்றன என்பது, ஒரு தவறு நடந்த பிறகே எனக்கு உறைத்தது.

2004இல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம், இந்த வேலைக்கான பழைய கருவிகளில் ஒன்று. அதன் வழிவந்த வெப்டிரைவர் 2018இல் உலகத் தரநிலையாக ஏற்கப்பட்டது. அதில் ஒவ்வொரு டேப்புக்கும் ஓர் அடையாளச் சரம் உண்டு, ஹேண்டில் என்பார்கள். பொருளற்ற எழுத்துகளும் எண்களும்தான். நிரல் சொல்லும் 'கிளிக் பண்ணு', 'எழுது' என்ற கட்டளைகள் எல்லாம் 'நடப்பு ஜன்னல்' என்ற ஒன்றுக்கே போய்ச் சேரும். ஓர் இணைப்பைச் சொடுக்கியதும் புது டேப் திறக்கிறது, திரை மாறுகிறது, என் கண்ணும் கூடவே போகிறது. நிரலின் நடப்பு ஜன்னலோ இம்மியும் நகர்வதில்லை. 'அந்த ஹேண்டிலுக்கு மாறு' என்று தனியாகக் கட்டளை இட்டால்தான் மாறும். பார்ப்பதும் அங்கே இருப்பதும் நமக்கு ஒரே செயல். நிரலுக்கு இருப்பு என்பது சொல்லப்பட்டால் மட்டுமே உண்டாவது.

நான் செய்த தவறு இது. ஒரு கல்வி உதவித்தொகைக்கு மாணவிகளின் விண்ணப்பங்களை நிரப்பும் வேலை. பட்டியலில் பெயரைச் சொடுக்கினால் படிவம் புது டேப்பில் திறக்கும். 'ஹேண்டில்களில் கடைசியாக இருப்பதே புதுசு' என்று எழுதிவைத்திருந்தேன். ஹேண்டில்கள் எந்த வரிசையிலும் வரலாம் என்று தரநிலையே சொல்கிறது. நான் படிக்கவில்லை, ஓடுதே என்று விட்டுவிட்டேன். ஒருநாள் இணையம் மந்தம். புது டேப் திறக்கும் முன்பே நிரல் பட்டியலைக் கேட்டது. கடைசியாக இருந்தது முந்தைய மாணவியின் மூடாத படிவம். அதில் போய் அடுத்தவளின் வங்கிக் கணக்கு எண்ணை எழுதிச் சேமித்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எப்படி வரும்? படிவம் எல்லோருக்கும் ஒன்றுதானே, கட்டங்கள் அதே இடத்தில்தானே இருக்கின்றன. சில மாதம் கழித்து ஓர் அம்மா தாளோடு வந்து நின்றார்: "பேரு எங்க பொண்ணு பேருதான் சார், இந்த நம்பர் யாருது?" 'தொழில்நுட்பக் கோளாறு' என்று விளக்கம் எழுதினோம். அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தது நானேதான். செய்தவனை வாக்கியத்திலிருந்து அழிக்க அதைவிடச் சௌகரியமான சொல் கிடைக்காது.

தொல்காப்பியம் அ, இ, உ என மூன்று சுட்டுகளைச் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் 'உது' போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறது, கேட்பவர் பக்கத்தில் உள்ளதைக் காட்ட. அன்று எனக்கும் நிரலுக்கும் நடுவே தொலைந்தது இந்த 'உது'தான் என்று படுகிறது. திரையில் தெரிவதை நான் 'இது' என்கிறேன். நிரலின் இடத்திலிருந்து பார்த்தால் அது 'உது', என் பக்கத்தில் கிடப்பது. அதன் 'இது' எனக்குத் தெரியாத இன்னொரு ஜன்னல். சுட்டுச்சொல்லின் பொருள் பேசுபவரின் இடத்தோடு மாறும் என்று யாகப்சனும் பென்வெனிஸ்தும் எழுதியதைப் படித்துத் தலையாட்டியவன்தான் நானும்.

திருத்தம் எளிது. சொடுக்கும் முன் இருக்கும் ஹேண்டில்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை கூடும்வரை காத்திருக்க வேண்டும். முன்பு இல்லாமல் இப்போது இருப்பது எதுவோ அதுவே புது டேப். சரத்துக்கென்று எந்த அர்த்தமும் கிடையாது. மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது என்பது மட்டுமே அதன் அடையாளம். சசூர் மொழிக்குச் சொன்னதை (1916இல் வந்த புத்தகம்) நான் இரண்டு வரி நிரலாக எழுத வேண்டியிருந்தது. பிளேரைட் போன்ற பிந்தைய கருவிகளில் 'நடப்பு' என்ற பொது மையமே இல்லை. ஒவ்வொரு பக்கமும் தனிப் பொருள், எதனிடம் பேசுகிறோம் என்பதை ஒவ்வொரு வரியிலும் சொல்லியாக வேண்டும்.

ஆனாலும் ஹேண்டில் சொல்வது எந்த ஜன்னல் என்பதை மட்டும். யாருடைய பக்கம் என்பதை அல்ல. அதே டேப்பில் வேறொரு பக்கம் வந்து உட்கார்ந்தாலும் ஹேண்டில் மாறாது. இப்போது திரையின் படத்தைப் பார்த்தே இயங்கும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் வந்துவிட்டன. 'இனி அதுக்கே கண்ணு இருக்கே' என்கிறார்கள். வெப்டிரைவர் எடுத்துத் தரும் படத்தில் பக்கத்தின் உட்பரப்பு மட்டுமே இருக்கும், மேலே உள்ள டேப் வரிசை இருக்காது. அந்தப் படத்தை மட்டும் காட்டினால், கண் இருந்தும் எந்த ஜன்னலில் நிற்கிறோம் என்பது அதற்கும் தெரியாது.

என் நிரல் இப்போது எழுதும் முன் படிவத்தில் இருக்கும் பெயரைப் படித்து, கையில் உள்ள பெயரோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் நின்றுவிடும். அதே பட்டியலில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலுமாக இரண்டு பிள்ளைகள் இருந்ததால், பிறந்த தேதியையும் சேர்க்க வேண்டியதாயிற்று.