ஒரே சட்டை – 19: ஃபின்னி போட்ட இரண்டாவது சட்டை

போன வாரம் டாம் ஃபின்னியை 1954 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், வெஸ்ட் பிராமிடம் 3-2 என்று தோற்ற கையோடு விட்டுவிட்டு வந்தோம். பிரெஸ்டன் நார்த் எண்ட், குழாய் வேலை, இங்கிலாந்துக்கு 76 ஆட்டத்தில் 30 கோல், இதெல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

பூட்ஸைக் கழற்றிய பிறகு அவர் என்ன செய்தார் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். நடுவில் 1963ஆம் வருஷம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

விஷயம் இதுதான். ஃபின்னி கடைசியாக லீக் ஆட்டம் ஆடியது 1960 ஏப்ரல் 30 அன்று, சொந்த ஊர் டீப்டேல் மைதானத்தில், லூட்டன் டவுனுக்கு எதிராக. அதோடு கணக்கு முடிந்தது: பிரெஸ்டனுக்காக 433 லீக் ஆட்டம், 187 கோல். பிறந்த ஊர், ஒரே கிளப், ஒரே சட்டை. இந்தத் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். ஆனால் 1963 செப்டம்பரில், 41 வயதில், அவர் இன்னொரு கிளப்பின் சட்டையைப் போட்டிருக்கிறார். அதுவும் ஐரோப்பியக் கோப்பையில். அதுவும் யூசேபியோவின் பென்ஃபிகாவுக்கு எதிராக!

கிளப்பின் பெயர் டிஸ்டில்லரி. பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஒரு விஸ்கி ஆலைத் தொழிலாளர்களை வைத்து உருவான கிளப். ஆலையின் பெயரே அணிக்கும் ஒட்டிக்கொண்டது. எதிரே பென்ஃபிகா. 1961, 1962 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய அணி. 1963லும் இறுதி ஆட்டம் வரை போய் மிலானிடம் தோற்ற அணி. மூன்று வருஷத்துக்கு முன்பே ஓய்வுபெற்ற ஒரு பிளம்பரைச் சேர்த்துக்கொண்டு டிஸ்டில்லரி இந்த அணியோடு மோதியது. முடிவு 3-3.

லிஸ்பனில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 5-0 என்று வாங்கிக்கட்டிக்கொண்டு டிஸ்டில்லரி வெளியேறியது. ஃபின்னி ஆடியது பெல்ஃபாஸ்ட் ஆட்டம் ஒன்றுதான். லிஸ்பனுக்கு அவர் ஏற்கெனவே செய்யவேண்டியதைச் செய்துவிட்டார். 1947 மே மாதம் அங்கே போர்ச்சுகலை இங்கிலாந்து 10-0 என்று நொறுக்கியபோது வலது விங்கில் ஸ்டான்லி மேத்யூஸ், இடது விங்கில் ஃபின்னி. மோர்ட்டன்சனும் லாட்டனும் ஆளுக்கு நான்கு கோல் போட்டார்கள். மிச்சம் இரண்டை விங்கர்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். இவரா அவரா என்று இங்கிலாந்துத் தேர்வாளர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு, இரண்டு பேரையும் போடு என்பதுதான் விடை என்று அன்றைக்குத் தெரிந்தது. (மேத்யூஸைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவர் ஸ்டோக், பிளாக்பூல் என்று இரண்டு சட்டைக்காரர்.)

இப்போது நம் தொடரின் சட்டப் பிரச்சினைக்கு வருவோம். விதிப்படி ஃபின்னியைப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டும். நீக்கப் போவதில்லை. டிஸ்டில்லரியின் நிறம் வெள்ளை. பிரெஸ்டனின் நிறமும் வெள்ளை. இந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

உண்மையில் என்னைப் பிடித்து நிறுத்தியது சட்டை இல்லை. ஃபின்னியை ஆடக் கூப்பிட்ட டிஸ்டில்லரி மேனேஜரின் பெயர்: ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம்.

ஆங்கிலக் கால்பந்தின் சம்பள வரலாறு தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆட்டக்காரர்களைக் கிளப்போடு கட்டிப்போட்ட விதியை நீதிமன்றத்தில் உடைத்தவர் பெயரும் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம்தான். இவர் அப்பா, அவர் மகன். வட அயர்லாந்தில் ஆர்ட்ஸ் என்ற கிளப்பில் அப்பாவும் மகனும் ஒரே அணியில் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். அங்கிருந்து மகன் 1956இல் நியூகாசில் யுனைடெட்டுக்குப் போனார். 1960இல் ஒப்பந்தம் முடிந்தது. வேறு கிளப்புக்குப் போகவேண்டும் என்றார். முடியாது என்றது நியூகாசில்.

ஒப்பந்தம் முடிந்த ஆளை எப்படி நிறுத்தி வைக்க முடியும்? அன்றைய விதிப்படி முடியும். ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில் இருந்தது. வண்டியை யார் ஓட்டினாலும் ஆர்.சி. புத்தகம் எவர் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தானே வண்டி சொந்தம்? அதே கதை. சீசன் முடிந்ததும் கிளப் ஒரு தொகையைச் சொல்லி ‘தக்கவைக்கிறோம்’ என்று பட்டியலில் எழுதிவிட்டால் தீர்ந்தது. அவர் அங்கே கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். ஆனால் லீக்கில் வேறு எந்தக் கிளப்புக்கும் ஆட முடியாது.

மகன் ஈஸ்ட்ஹாம் கையெழுத்துப் போடவில்லை. லண்டன் பக்கம் போய், குடும்ப நண்பர் ஒருவரிடம் கார்க் விற்கும் வேலையில் சேர்ந்தார். முதல் டிவிஷனில் ஆடவேண்டியவர் மாதக்கணக்கில் கார்க் விற்றார்! கடைசியில் நியூகாசில் இறங்கிவந்து 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனலுக்கு விற்றது. கேட்டது கிடைத்துவிட்டது, வழக்கை விட்டிருக்கலாம். விடவில்லை. ஆட்டக்காரர் சங்கம் பின்னால் நின்றது. 1963 ஜூலையில் தீர்ப்பு வந்தது: இப்படித் தக்கவைப்பது ஒருவரின் தொழிலை நியாயமில்லாமல் தடுப்பது.

அந்தப் பழைய ஒப்பந்தத்தை ஆட்டக்காரர்கள் அடிமைச் சாசனம் என்றுதான் திட்டுவார்கள். தீர்ப்பு எழுதிய நீதிபதியின் பெயர் வில்பர்ஃபோர்ஸ். 1807இல் பிரிட்டனின் அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டம் வரக் காரணமாக நின்ற வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வழித்தோன்றல். கதையில் இப்படிப் பெயர் வைத்தால் ரொம்ப ஓவர் என்று ஆசிரியரே அடித்துவிடுவார்.

மகனுக்குத் தீர்ப்பு வந்தது ஜூலையில். அப்பா ஃபின்னியைக் களத்தில் இறக்கியது செப்டம்பரில். வாழ்நாள் முழுக்க அந்தப் பழைய விதிக்குக் கீழே ஆடி முடித்த மனிதர், விதி உடைந்த அதே வருஷம் வேறொரு சட்டை போட்டு ஒரே ஒரு ஆட்டம் ஆடுகிறார். இந்த வாரம் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது இதுதான்.

ஏனென்றால் இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து உங்கள் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே புலம்பல்: அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் விசுவாசம் இந்தக் காலத்தில் எங்கே போயிற்று? ஃபின்னியையே உதாரணமாகக் காட்டுகிறீர்கள். சரி, 1952ஐப் பார்ப்போம்.

அந்த வருஷம் மே மாதம் இங்கிலாந்து அணி இத்தாலிக்குப் போயிருந்தபோது, சிசிலியிலுள்ள பலெர்மோ கிளப்பின் தலைவர் ஃபின்னியைப் பிடித்தார். அவர் நிஜமாகவே ஓர் இளவரசர், பெயர் லான்சா. கையெழுத்துப் போட்டால் 10,000 பவுண்டு ரொக்கம். மாதம் 130 பவுண்டு சம்பளம். அதற்கு மேல் போனஸ். கடலோர வில்லா, கார். அப்போது இங்கிலாந்தில் ஓர் ஆட்டக்காரருக்குச் சட்டப்படி தரக்கூடிய அதிகபட்ச சம்பளம் சீசனில் வாரம் 14 பவுண்டு. கோடையில் 10 பவுண்டு. ஃபின்னியாக இருந்தாலும் சரி, அணியில் ஆக மோசமான ஆளாக இருந்தாலும் சரி, அந்த வரம்பைத் தாண்ட முடியாது. கூட்டிப் பாருங்கள், வருஷத்துக்கு 700 பவுண்டுகூடத் தேறாது. இளவரசர் நீட்டிய ரொக்கம் மட்டும் பதினான்கு வருஷச் சம்பளத்துக்கு மேல். போருக்குப் பிறகு ஃபின்னி லீக்கில் ஆடியதே மொத்தம் பதினான்கு சீசன்தான்.

ஃபின்னி உடனே மறுக்கவில்லை. விஷயத்தைக் கிளப் தலைவரிடம் கொண்டுபோனார். பிரெஸ்டனுக்கு ஆடாவிட்டால் வேறு யாருக்கும் ஆட முடியாது என்கிற பதில்தான் வந்தது. அதோடு பேச்சு முடிந்தது. அவரும் போய் அடுத்த சீசன் ஆடினார். அந்த 1952-53 சீசனில் பிரெஸ்டனும் ஆர்சனலும் ஆளுக்கு 54 புள்ளி. கோல் சராசரியில் ஆர்சனலுக்குக் கோப்பை, பிரெஸ்டனுக்கு இரண்டாம் இடம். பதினான்கு வருஷச் சம்பளத்தை இழந்தவருக்கு லீக் பட்டம்கூடக் கிடைக்கவில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஓடியவர்கள் கதி கண் முன்னே இருந்தது. ஸ்டோக் சிட்டியின் நீல் ஃபிராங்க்ளின், இங்கிலாந்தின் நடுக்காவல் தூண், 1950இல் உலகக் கோப்பையைக்கூட விட்டுவிட்டு, சர்வதேசக் கூட்டமைப்புக்கு வெளியே இருந்த கொலம்பியாவின் பொகோட்டாவுக்குப் போனார். கொஞ்ச நாளில் திரும்பிவந்தார். தடை விதித்தார்கள், இங்கிலாந்துக்கு அவர் அதன் பிறகு ஆடவே இல்லை. சட்டப்படி போனவர்களும் உண்டு. 1957இல் ஜான் சார்லஸ் 65,000 பவுண்டுக்கு லீட்ஸிலிருந்து யுவென்டஸ் போனார். லீட்ஸுக்கு முந்திய வருஷம்தான் மைதானத்தின் மேற்கு அரங்கு தீப்பிடித்து எரிந்திருந்தது, பணம் வேண்டியிருந்தது. ஆகப் போவதும் இருப்பதும் ஆட்டக்காரர் கையில் இல்லை, கிளப்பின் கல்லாப்பெட்டியைப் பொறுத்தது.

இன்னொரு கொடுமை. ஃபின்னி ஓய்வுபெற்று ஒன்பதே மாதத்தில், 1961 ஜனவரியில், சம்பள வரம்பு ஒழிந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் என்று மிரட்டியதால் வந்த வெற்றி. ஃபுல்ஹாம் கிளப்பின் தலைவர் டாமி டிரிண்டர் தொழிலால் நகைச்சுவை நடிகர். வரம்பு மட்டும் இல்லாவிட்டால் எங்கள் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுப்பேன் என்று முன்னரே வாயை விட்டிருந்தார். வரம்பு போயிற்று. ஹெய்ன்ஸ் வந்து நின்றார். டிரிண்டர் கொடுக்கவேண்டியதாயிற்று. ஃபின்னி கடைசி சீசனில் வாங்கியது 20 பவுண்டு.

ஆகவே கடிதம் எழுதிய அன்பர்களே, 1946 முதல் 1960 வரை ஃபின்னி பிரெஸ்டனிலேயே இருந்தாரே என்பதை விசுவாசத்துக்குச் சான்றாக நான் ஏற்கமாட்டேன். அவருக்குப் போக வழியே இல்லை. அவரோடு இருந்த சாதாரண ஆட்டக்காரர்களுக்கும் இல்லை. அவர்களை யாரும் விசுவாசி என்று கொண்டாடுவதில்லை.

சான்று வேண்டுமானால் 1960க்குப் பிறகு பாருங்கள். அப்போது அவரிடம் எந்தக் கிளப்பின் ஒப்பந்தமும் இல்லை. கையில் தொழில் இருந்தது. சிறு வயதில் கிளப் கூப்பிட்டபோது, முதலில் பிளம்பர் அப்ரண்டிஸ் வேலையை முடி என்று அப்பா பிடிவாதம் பிடித்தாரே, அந்தத் தொழில். தம்பதியாக எங்கே வேண்டுமானாலும் போய் வாழ்ந்திருக்கலாம். போகவில்லை. தன் சகோதரரோடு நடத்திய நிறுவனத்தைப் பிரெஸ்டனிலேயே தொடர்ந்து நடத்தினார். ஊர் மாஜிஸ்திரேட் ஆனார். சுகாதார ஆணையத்துக்குத் தலைவரானார். கிளப்பின் கௌரவத் தலைவராக இருந்தார். 1998இல் சர் பட்டம் வந்தது. டீப்டேலில் ஓர் அரங்குக்கு அவர் பெயர்; வெளியே ஓடும் சாலைக்கும் அவர் பெயர். தேங்கிய மழைநீரைக் கிழித்துக்கொண்டு அவர் பாய்கிற அந்தப் புகழ்பெற்ற 1956 புகைப்படம் 2004இல் அதே வாசலில் சிலையாக நின்றது.

இந்தக் காலமெல்லாம் அணி எப்படி ஆடியது? அவர் ஓய்வுபெற்ற மறு சீசனிலேயே, 1961இல், பிரெஸ்டன் முதல் டிவிஷனிலிருந்து கீழே விழுந்தது. இங்கிலாந்து லீக்கின் முதல் சாம்பியன், 1888-89இல் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற கிளப், இன்றுவரை மேலே ஏறவில்லை. நான்காம் டிவிஷன் வரைகூடச் சரிந்தது. 2014 பிப்ரவரியில், 91 வயதில், ஃபின்னி காலமாகும்வரை அவருக்கு அந்த மைதானத்தில் காணக் கிடைத்தது பெரும்பாலும் இரண்டாம் தர, மூன்றாம் தர ஆட்டம்தான். அவர் போவதை நிறுத்தவில்லை. அதற்கு யாரும் அவருக்கு வாரம் 14 பவுண்டு தரவில்லை. என் தீர்ப்பு இதை வைத்துத்தான்: டாம் ஃபின்னி ஒரே சட்டைக்காரர்தான். டிஸ்டில்லரி ஆட்டம் தள்ளுபடி.

பக்கம் தீர்ந்துவிட்டது, அச்சுக்கு அனுப்பச் சொல்லி அலுவலகத்திலிருந்து மூன்றாம் மணி அடிக்கிறது. இங்கிலாந்து விங்கர் பையோடு வந்து குழாய் மாற்றித் தந்த கதைகள், பிரெஸ்டனில் கூட ஆடிய பில் ஷாங்க்லி அவரைப் பற்றிச் சாகும்வரை அடித்துக்கொண்ட தம்பட்டம், மனைவி எல்சி நினைவிழந்த வருஷங்களில் அவர் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கிக்கொண்டது, இவையெல்லாம் அடுத்த வாரம். அதற்குள் வேறு ஏதாவது வருஷம் குறுக்கே வராமல் இருக்கவேண்டும்.

கடிதம் எழுதுங்கள். ஆனால் விசுவாசம் என்று எழுதுவதற்கு முன், அந்த ஆட்டக்காரருக்கு வெளியே போக வழி இருந்ததா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

(தொடரும்)